ஐந்து நொடி

"அஞ்சு நொடின்னு போட்டது யாரு?" என்றார் டாக்டர் அரவிந்தன்.

"நான்தான் சார்."

"ரிப்போர்ட்ல கையெழுத்து?"

"என்னோடதுதான்."

"அப்புறம் என்ன நாடகம் இது?"

வேணி திரையை அவர் பக்கம் திருப்பினாள். வலிப்பு நோயாளி மணப்பாறை செல்லக்கிளியின் மூளைப் படம். வலிப்பின் மின்பொறி தெறித்ததும் அந்த இடத்துக்கு ரத்தம் கூடுதலாகப் பாயும். ஐந்து நொடியில் உச்சம். எல்லோருக்கும் அப்படித்தான் என்று கணினியில் முன்பே பதிந்திருந்தது. திங்கட்கிழமை வேணி அதை மாற்றாமலே கணக்குப் போட்டாள். வலிப்பு பிறக்கும் இடம் என்று மூளையின் இடது பக்கம், வலது கையை அசைக்கும் இடத்தை ஒட்டிச் சிவந்தது. நாளை காலை அங்கே வெட்டுவார்கள்.

நேற்று ஐந்து நொடி என்று கட்டிப்போடாமல் கணக்கை மறுபடி ஓட்டினாள். செல்லக்கிளிக்கு இரண்டே நொடியில் உச்சம். ஐந்தில் வடிந்துவிட்டிருந்தது. சிவப்பு வலது பக்கத்தில் இருந்தது.

"தள்ளிப் போடுங்க சார்."

"ஸ்ரீரங்கம் பஸ்ல வர்றப்ப தோணுச்சாக்கும். வாயை மூடிட்டுப் போ."

அவள் வார்டுக்குப் போனாள். கட்டிலில் செல்லக்கிளி, கையில் பேனா, மடியில் சம்மதத் தாள். பக்கத்தில் கணவன் பிச்சமுத்து. நாளைக்கு வெட்ட வேண்டாம் என்று வேணி சொன்னாள்.

"நீ டாக்டரா?" என்றான் அவன்.

"இல்லீங்க. படத்துக்குக் கணக்குப் போடுறவ. திங்கக்கிழமை போட்டது தப்பு. இடது பக்கம் வெட்டுனா வலது கை போயிடலாம். வலிப்பும் நிக்காம போகலாம்."

"எட்டு மாசம் நாயா அலைஞ்சு வாங்குன தேதி. கெடுக்க வந்தியா? இப்ப சொல்ற கணக்கு மட்டும் சரியா?"

"தெரியாதுங்க. சோதிச்சுட்டுத்தான் வெட்டணும்."

பின்னால் அரவிந்தன் வந்து நின்றார். "கார்டைக் கழட்டி வச்சுட்டு வெளிய போ."

வேணி கழுத்திலிருந்து அடையாள அட்டையைக் கழற்றிக் கட்டிலில் வைத்தாள்.

"நீங்க கையெழுத்துப் போடுங்கம்மா," என்றார் அவர்.

செல்லக்கிளி அவரைப் பார்க்கவில்லை. வேணியைப் பார்த்தாள்.

"முறுக்கு பிழியிற கைடி இது. நீ பாட்டுக்குத் தப்புன்னு சொல்ற."



செல்லக்கிளி பேனாவை மூடினாள். கையெழுத்திடாத தாளை நான்காக மடித்தாள். தலையணைக்கு அடியில் வைத்து, அதன் மேல் படுத்துக்கொண்டாள்.