ஓரத்துத் தழும்பு

மன்சூரா நகர ஆஸ்பத்திரியில் சிறுநீரகத் துணுக்குகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோயைச் சொல்வது என் வேலை. சந்தேகப்படாதவர்கள் இந்த வேலைக்கு லாயக்கில்லை. வீட்டிலும் இதே புத்திதான் என்று என் கணவர் திட்டுவார்.

ஹொஸ்னியா என்ற பள்ளி ஆசிரியையின் ஸ்லைடில் பார்த்த இடமெல்லாம் நீலம். நாங்கள் ஏற்றும் சாயத்தில் நீலம் என்றால் தழும்பு. அடிபட்ட இடத்தைச் சரிசெய்ய வரும் செல்கள் நிறுத்தத் தெரியாமல் நார் நூற்றுக்கொண்டே போய், சிறுநீரகத்தையே நெரித்துவிடும். தழும்பானதை மீட்க மருந்து கிடையாது. சிறுநீரகம் செத்துவிட்டது என்று என் மேலதிகாரி முடிவு எழுதிவிட்டார். மருந்தை நிறுத்திவிட்டு, டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைக்கும் அறுவை செய்ய ஞாயிற்றுக்கிழமை குறித்தாயிற்று.

அவள் அண்ணன் ஷவ்கி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"போன மாசம் வரைக்கும் ஓடியாடிட்டு இருந்தவ டாக்டரம்மா! எவன் கிட்னியையோ எடுத்து என் தங்கச்சி பேர்ல ஒட்டிட்டீங்க!"

எனக்கும் அதே நினைப்புதான். ஊசியால் துணுக்கை எடுத்த இளம் டாக்டர் ரிஃபாத் மேல் எனக்கு எப்போதும் ஒரு கண். வெள்ளி விடுமுறைக்காக வியாழன் மதியமானால் ஊருக்குப் பஸ் பிடிக்கப் பறப்பவன். ஸ்லைடின் எண்ணையும் பெயரையும் சரிபார்த்தேன். மாறவில்லை. ஸ்லைடை மறுபடி நகர்த்திப் பார்த்தேன். துணுக்கின் ஓரம் நெடுக ஒரு மெல்லிய பட்டை. சிறுநீரகத்தின் மேலுறை! ஊசி ஆழமாக இறங்கவே இல்லை. உறைக்கு அடியில் நல்ல சிறுநீரகத்திலும் தழும்பு படிவதுண்டு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஊசி இறங்கும்போது அவங்க பயந்து, பிடிச்சிருந்த மூச்சை விட்டுட்டாங்க. கிட்னி நகர்ந்துடுச்சு" என்றான் ரிஃபாத்.

"அப்போ இன்னொரு தடவை எடுத்திருக்கணும். பஸ் போயிடும்னு பயமா?"

குனிந்து புது ஊசி ஒன்றைத் தேடி எடுத்தான்.

மறுபடி துணுக்கு எடுக்க வேண்டும் என்று வார்டில் போய்ச் சொன்னதும் ஹொஸ்னியா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "முதல் தப்பை மறைக்கத்தானே ரெண்டாவது ஊசி?"

"தப்பு எங்களோடதும்மா. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"என் வகுப்புல தப்பை ஒத்துக்கிட்ட பிள்ளைக்கு இன்னொரு பரீட்சை உண்டு" என்று குப்புறப் படுத்தாள்.

இந்த முறை துணுக்கு ஆழத்திலிருந்து வந்தது. முடிவைச் சொன்னேன். அவள் நம்பவில்லை.

"இது மட்டும் சரின்னு எப்படி நம்புறது? நானே பார்க்கணும்."

மைக்ராஸ்கோப் முன் உட்காரவைத்தேன். "நீலம் தழும்பு. சிவப்பு உயிரோட இருக்கறது. நடுவுல புள்ளிப்புள்ளியா மொய்ச்சிருக்கே, அது வீக்கம். அதுக்கு மருந்து இருக்கு."

நீலம் அங்கங்கே இழையாகத்தான் இருந்தது. அவள் நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"இவ்ளோ சிவப்பா?" என்றாள். "இதையா செத்துப்போச்சுன்னு எழுதுனீங்க?"