அந்த ஊர் ஆண்கள் என்ன சாப்பிட்டார்கள்

அம்மாவின் தலையில் அரப்பைத் தேய்த்தபோதுதான் சுலோசனாவுக்கு அழுகை வந்தது. நாலு பெண்கள் சேலையைச் சுற்றிப் பிடித்து மறைத்திருந்தார்கள். கடலைக்காட்டு வேலைக்கு வரும் மருதாத்தாள் தண்ணீர் ஊற்றினாள். அம்மா நாச்சம்மாளுக்கு அறுபத்தாறு வயது. களி தின்றுவிட்டுப் படுத்தவர் விடிந்து எழவில்லை. தந்தி கண்டு மகள் சென்னையிலிருந்து ரயிலேறி வரும்வரை எடுக்காமல் காத்திருந்தார்கள். கொடுத்துவைத்த சாவு என்று எருத்தேன்பதி ஊரே சொன்னது. சுலோசனாவும் ஒப்புக்கொண்டாள்.

அவளுடைய ஆற்றாமை வேறு. ஒரு வாரப்பத்திரிகையில் உலகத்துப் பெண்களின் உரிமைகளைப் பற்றி ஏழு வருஷமாக எழுதுகிறாள். போன வருஷம் சர்வதேச மகளிர் ஆண்டு என்பதால் வாரம் ஒரு நாடு. எல்லா இதழும் அம்மாவுக்குத் தபாலில் போனது. அம்மா மூன்றாம் வகுப்பு, எழுத்துக்கூட்டி வாசிப்பார். ஆனால், "படிச்சியாம்மா?" என்று கேட்டால் எருமை சினையாக இருக்கிறது என்பார். கல்யாணம் வேண்டாமென்று போன மகள்மீது கோபம் தீரவில்லை போலும். "உம்பட பொஸ்தகமெல்லாம் மொளகாய் மடிக்கத்தான் ஆகுது" என்று அண்ணன் ரத்தினசாமி சிரித்ததும் நெஞ்சிலேயே கிடந்தது.

தெருமுனையோடு பெண்கள் வழக்கப்படி திரும்பிவிட்டார்கள். ஆண்கள் சுடுகாட்டுக்குப் போனார்கள். குளித்து, வாசலைக் கழுவிவிட்டுப் பெண்கள் எல்லோரும் உட்கார்ந்தார்கள். சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. சம்பந்தி வீட்டிலிருந்துதான் சோறு வரவேண்டும்.

"இன்னிக்கு நம்மளும் அந்தூருக்காரிகளாட்டத்தான்" என்றாள் மருதாத்தாள். மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"எந்தூருக்காரிக?" என்று சுலோசனா கேட்டாள்.

"அதானுங்க அம்மிணி, ஐஸ்லாந்து. பொம்பளைங்க அத்தனை பேரும் ஒரு நா அடுப்பே பத்தவெக்காம, வேலைக்கும் போவாம தெருவுல வந்து நின்னாங்களாமா. உங்க ஆத்தாதான் சொன்னாங்க. வாரம் ஒரு ஊருங்க. பொஸ்தகம் வந்துட்டா வரப்புல குக்கி உக்காந்து வாசிப்பாங்க, நாங்க கடலைக்காய் ஆய்ஞ்சுட்டே கேப்போம்."

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா! சுலோசனாவுக்கு அம்மாவின் மேல் ஆத்திரமும் ஆசையும் ஒன்றாகப் பொங்கின.

மருதாத்தாள் நகர்ந்து வந்தாள். "எனக்கு ஒரே சந்தேகமுங்க. அன்னைக்கு அந்தூரு ஆம்பளைங்க என்னத்தத் தின்னாங்க? ஆத்தாளைக் கேட்டனுங்க. 'அது பொஸ்தகத்துல இல்லடி. எம்புள்ள பொங்கலுக்கு வருவா. அவளுக்குத் தெரியாதது ஒண்ணுமில்ல, அவகிட்டயே கேளு'ன்னுட்டாங்க."

பொங்கலுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. சுலோசனா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். இடம் போதவில்லை என்று ஆசிரியர் வெட்டிப்போட்ட பத்தி அது.

"அங்க கறியைக் கொடல்ல அடைச்சு கடையில விப்பாங்க. ஆம்பளைங்க எல்லாரும் ஓடிப்போய் அதையே வாங்குனாங்க. கடையே காலி."

"கொழந்தைங்க?"

"அப்பனுங்க ஆபீசுக்கே தூக்கிட்டுப் போயிட்டாங்க."

"அய்யோ சாமி!" என்று யாரோ சிரித்தார்கள். மருதாத்தாள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "அப்பறமுங்க?"

பெண்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள். சுலோசனா நடுவில் போய்க் குக்கி உட்கார்ந்தாள்.