உறுத்தாத கிதார்

அன்று எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: மெல்லிசைக் குழுத் தலைவர் ராஜாமணி அண்ணன், சன்னலோர நாற்காலியில். மைக்செட் கடை கருப்பண்ணன், வாசற்படியை ஒட்டித் தன் ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில், தரையில். என் மனைவி ஹசீனா, சமையலறை நிலைப்படியில், திரைக்கு அந்தப் பக்கம் பாதியும் இந்தப் பக்கம் பாதியுமாக. நான் கட்டிலில். எனக்கு இந்தப் பக்கம் ஒரு கிதார், அந்தப் பக்கம் ஒரு கிதார்.

இப்படித் தொடங்குவது மண்டிப் பழக்கம். பாப்பாரப்பட்டிப் புளி மண்டியில் கடிதம் எழுதுவது என் வேலை. பேச்சு நடந்த இடத்தில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதிவிட்டால் பிறகு ஒருவரும் மாற்றிப் பேச மாட்டார்கள் என்பார் முதலாளி.

1972, தை மாதம் முடிகிற சமயம். காச நோய்க்கு அறுவை செய்து, வலப்பக்க விலா எலும்புகள் சிலவற்றை எடுத்து, என்னை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். புண் ஆறிவிட்டது. ஆனால் அக்குளுக்குக் கீழே ஒரு கை அகலத்துக்கு உணர்ச்சி கிடையாது. கிள்ளினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. அந்த இடத்தைத் தினமும் கண்ணால் பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். என் கண்ணுக்கு அது எட்டாது. அதனால் சாயங்காலம் ஹசீனா பார்ப்பாள். "சரியா இருக்கு" என்பாள். நான் சட்டையைப் போட்டுக்கொள்வேன்.

மரத்துப்போனது அந்த இடம் மட்டும்தானா என்று சில சமயம் தோன்றும். வீடு வந்த அன்று எல்லோரும் அழுதார்கள். நான் பஸ் டிக்கெட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

குழுவில் நான் வாசித்துவந்த பழைய கிதார் சுவரில் மாட்டியபடியே கிடந்து கழுத்து வளைந்துவிட்டது. சேலத்து வாத்தியக் கடைக்காரர் கருப்பண்ணனுக்கு வேண்டியவர். இரண்டு கிதார்களை அனுப்பி, பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைக் கடிதத்தோடு திருப்பி அனுப்பச் சொல்லியிருந்தார். ஒன்று வயிறு பெருத்தது. பாடுகிறவர் மைக்குக்கு முன்னால் பிடித்தாலே போதும். மற்றது பிக்கப் வைத்தது, மூன்று விரல் கனம்தான் இருக்கும். வயரைச் செருகினால்தான் சபைக்குக் கேட்கும்.

ஏரியூரில் ஒரு கல்யாணக் கச்சேரி வந்திருந்தது. அதில் நான் வாசிப்பதா, நான் இல்லாத மாதங்களில் வாசித்த சேலத்துப் பையனே வாசிப்பதா என்று முடிவு செய்யத்தான் ராஜாமணி அண்ணன் வந்திருந்தார்.

முதலில் மெலிந்ததை எடுத்தேன். கருப்பண்ணன் வயரைச் செருகினார்.

"என்னா முனாப்பு, இது கிட்டாரா, இல்ல அரிசி பொடைக்கிற மொறமா? வவுறு ஒட்டிப்போயிக் கெடக்குது."

"நம்மாளும் ஆஸ்பத்திரியிலிருந்து இப்பிடித்தானப்பா வந்தாரு. ஜோடிப் பொருத்தம்" என்றார் ராஜாமணி அண்ணன். திரைக்குப் பின்னால் ஹசீனா சிரிப்பது கேட்டது.

வாசித்தேன். சத்தம் நன்றாகத்தான் வந்தது. ஆனால் அதன் விளிம்பு இடுப்புக்குச் சற்று மேலே குத்தியது. இரண்டு பாட்டுக்குள் நிறுத்திவிட்டேன்.

"உறுத்துதுங்கண்ணா."

"அதுவுமில்லாம இந்தப் பொட்டியில ரெண்டு ஓட்டைதான். ஒண்ணு பாடறவங்க மைக்கு, ஒண்ணு என் ஆர்மோனியத்து மைக்கு. நீ இதைச் செருகிட்டா நான் எங்க போறது?" என்றார் ராஜாமணி அண்ணன்.

"தீர்த்தமலைக்குப் போங்க" என்றார் கருப்பண்ணன்.

"ஒன்னையும் கூட்டிக்கிட்டுத்தான்டா போவேன்."

பிறகு பெரியதை எடுத்தேன். அது உயரமாக, அக்குள் வரைக்கும் வந்து நின்றது. ஒரு கச்சேரிக்கு வேண்டிய பாட்டையெல்லாம் ராஜாமணி அண்ணன் வரிசையாகக் கேட்டார். இடையில் நிறுத்தாமல் வாசித்தேன். எங்கேயும் குத்தவில்லை.

"வலிக்குதா?"

"இல்லீங்கண்ணா."

"நெசமா சொல்லு. பாதிக் கச்சேரியில எறக்கி வெச்சீன்னா என் மானம் போயிரும்."

"நெசமாத்தாங்க. மேல இருக்கறதே தெரியல."

"அப்பறம் என்னா! ஏரியூருக்கு நீதான். எழுது லெட்டர."

காகிதத்தை எடுத்தேன். இருந்தவர்களின் பெயர், உட்கார்ந்திருந்த இடம். கீழே, பெரிய கிதாரை வைத்துக்கொள்கிறோம், மெலிந்தது திரும்பி வருகிறது என்று எழுதிக்கொண்டிருந்தபோது ஹசீனா டீ கொண்டுவந்தாள். தட்டு என் தோளுக்குப் பின்னாலேயே நின்றது.

"சட்டை" என்றாள் உருதுவில், மெதுவாக.

வேர்வை என்று நினைத்தேன். அவள் தட்டைக் கட்டிலில் வைத்துவிட்டு என் வலக் கையை மணிக்கட்டில் பிடித்து மேலே தூக்கினாள். வெளியாட்கள் முன்னால் அவள் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. கருப்பண்ணன் எழுந்துவிட்டார். அக்குளுக்குக் கீழே சட்டை சிவப்பாக ஒட்டியிருந்தது. பெரிய கிதாரின் விளிம்பிலும் ஒரு தீற்றல் இருந்தது.

"வலிக்கலைன்னு சொன்னானேம்மா" என்றார் ராஜாமணி அண்ணன்.

"அவருக்கு அங்க வலிக்காதுங்கண்ணா. கத்தியால கீறினாலும் தெரியாது." அவள் மெலிந்த கிதாரைக் காட்டினாள். "உறுத்துதுன்னாரே, அதுதான் உசிரு இருக்கற எடத்துல உக்காந்திருந்துச்சு."

ராஜாமணி அண்ணன் எழுந்து போய் ஆம்ப்ளிஃபயரின் இரண்டு ஓட்டைகளையும் பார்த்தார். பிறகு சொன்னார்:

"ஏரியூருக்கு அந்தப் பையனையே கூப்பிட்டுக்கறேன் முனாப்பு. கோச்சுக்காத. தருமபுரி கல்யாண மண்டபத்துல ஓட்டை நெறைய இருக்கற பெரிய பொட்டி வெச்சிருக்காங்க. அங்க கச்சேரி வந்தா நீ வா."

"அங்க எப்பங்க நம்மளைக் கூப்பிட்டாங்க?" என்றார் கருப்பண்ணன்.

"கூப்பிடும்போது."

"சரிங்கண்ணா" என்றேன் நான். அழுகையோ கோபமோ ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. டீ ஆறுவதற்குள் குடித்துவிட்டேன்.

ராஜாமணி அண்ணன் போன பிறகு ஹசீனா வெந்நீரால் துடைத்துத் துணி வைத்துக் கட்டினாள். இந்த முறை "சரியா இருக்கு" என்று சொல்லவில்லை. மெலிந்த கிதாரை மடியில் வைத்து, வயரில்லாமல் ஒரு தந்தியைத் தட்டினேன். வாசல்வரைக்கும் போயிருக்காது அந்தச் சத்தம். இடுப்புக்கு மேலே உறுத்தியது. அப்படியே வைத்திருந்தேன்.

கடிதத்தை வேறு காகிதத்தில் எழுதினேன். இருந்தவர்கள் அதே பேர்தான், இடமும் அதேதான். மெலிந்ததை வைத்துக்கொள்கிறோம்; பெரியது நல்ல கிதார், குறை ஒன்றும் இல்லை; விளிம்பில் கறை தெரிந்தால் ஈரத் துணியால் துடைக்கவும், அது எங்களால் ஆனது.

மைதாப் பசை தடவி உறையை ஒட்டிக் கையால் அழுத்தினேன். கருப்பண்ணன் பெரிய கிதாரைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டார். பஸ் நிலையத்தில் பெட்டி சேலம் பஸ்ஸின் மேலே ஏறியது. நான் கடிதத்தைக் கண்டக்டரிடம் கொடுத்துக் கடையின் பெயரைச் சொன்னேன். அவர் அதைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு விசில் கொடுத்தார்.