ஜூன் ஒன்பதின் ஈரம்

எல்மர் ஹாஸ் செத்து இரண்டு வருஷம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், சொட்டச் சொட்ட நனைந்தபடி வந்து தன் வீட்டுச் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தார். செயின்ட் லூயிஸில் அன்று மழையே இல்லை. தவறு வர்ஜில் டூமியுடையது. பழைய பேஸ்பால் ஆட்டங்களின் கிழித்த நுழைவுச் சீட்டுகளைப் பார்த்து, எந்தத் தேதி ஆட்டம் என்று உறுதிசெய்து எழுதித் தருவது அவர் வேலை. அந்தக் காலத்துச் சீட்டில் தேதி இருக்காது, ஆட்ட எண் மட்டும்தான். பழைய பேப்பர்களைப் புரட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தேதி தப்பாகிவிட்டால், செத்துப்போன சீட்டுக்காரர் கிளம்பி வந்துவிடுவார். திருத்திய நிமிஷம் எழுந்து போய்விடுவார். எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். முப்பது வருஷத்தில் நாலு பேர் அப்படி வந்து போயிருக்கிறார்கள், ஒருவர் பீர் கேட்டார்.

எல்மரும் அவர் மனைவி லோரெட்டாவும் முதன்முதலில் பார்த்துக்கொண்டது 1949இல், முப்பத்தோராம் ஆட்டத்தில், பக்கத்துப் பக்கத்து இருக்கையில், ஆளுக்கொரு பொட்டலம் வேர்க்கடலையோடு. அது ஜூன் ஒன்பது என்பார் அவர், பத்து என்பாள் அவள். நாற்பத்தாறு வருஷமும் இந்தச் சண்டைதான். ஒவ்வொரு ஜூன் ஒன்பதும் அவர் பூ வாங்கி வருவார்; அவள் மறுநாள்வரை தொட மாட்டாள். அவர் போன பிறகு அவளுக்குத் தூக்கமும் போயிற்று. யார் சரி என்று தெரிந்தாக வேண்டும் என்று அவருடைய சீட்டை வர்ஜிலிடம் கொடுத்தாள். வர்ஜில் ஆட்ட அட்டவணையை மட்டும் பார்த்து ஒன்பது என்று எழுதிக் கொடுத்தார்.

சேதி கேட்டு ஓடிவந்த வர்ஜிலுக்கு, தரையில் தேங்கிய தண்ணீரைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது.

"ஐயோ, அன்னிக்கு மழை! மைதான வாசலே தொறந்திருக்க மாட்டாங்க. அதே சீட்டோட மறுநாள் உள்ள விட்டிருக்காங்க. மழையப் பாக்காம விட்டுட்டேனே! நீங்க சொன்ன பத்துதான் சரி, லோரெட்டா."

"கேட்டியா கிழவா?" என்றாள் லோரெட்டா.

 தொப்பி விளிம்பில் நீர் சொட்ட, எல்மர் வாசல் திறக்கக் காத்திருப்பவர் போல அடுப்புப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

வர்ஜில் பேனாவை எடுத்தார். "ஒரு கோடு கிழிச்சா போதும், போயிடுவாரு."

"அத உள்ள வை."

"தப்புன்னு தெரிஞ்சும் எந்தத் தேதியையும் நான் விட்டு வெச்சதில்ல."

"ஒன்பதுதான்யா. இவருதான் சரி. நான்தான் வீம்புக்குப் பத்துன்னேன், போதுமா?"

துண்டை எடுத்து எல்மரின் தலையைத் துவட்டினாள். உடனே மறுபடி நனைந்தது. இன்னொரு துண்டு எடுத்தாள்.

ஏழு வருஷம் அந்த வீட்டுக் கொடியில் துண்டு காயாத நாளில்லை. அவள் உயிரோடிருந்த கடைசி ஏப்ரலில் தன்னுடைய சீட்டை வர்ஜிலிடம் நீட்டினாள்.

"இதுக்கும் ஒன்பதுன்னே எழுது."

 தப்பென்று தெரிந்தே, வர்ஜில் அழியாத மையில் எழுதினார்.

இப்போது அங்கே குடியிருப்பவர்கள் சமையலறையில் எல்மரின் நாற்காலியிலும் அதன் பக்கத்து நாற்காலியிலும் உட்காருவதில்லை. அடியில் ஒரு வாளி வைத்திருக்கிறார்கள். காலையில் தண்ணீரையும் வேர்க்கடலைத் தோலையும் கொட்டிவிடுவார்கள். மற்றபடி நல்ல வீடு என்கிறார்கள்.