பிரிய மறுத்த ராஜா நாற்காலிகள்

எங்கள் ஊரில் ஒரு பொருள் தன் வேலை முடிந்ததும் தன்னைச் செய்த கம்பெனிக்குத் திரும்பி வந்துவிடும். நாங்கள் நாற்காலி செய்கிறவர்கள். நாற்காலிக்குக் கால் இருப்பதால் நடந்தே வந்துவிடுகிறது. எங்களுக்கு அடுத்த தெருவில் இருக்கும் மின்விசிறிக் கம்பெனிக்கு வருகிறவை பஸ் பிடித்துத்தான் வரவேண்டும். அந்த விஷயத்தில் நாங்கள் கொடுத்துவைத்தவர்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஜம்புலிங்கம் நாற்காலிக் கம்பெனியின் வரவேற்புப் பிரிவு என் பொறுப்பு. காலை எட்டு மணிக்கு கேட்டைத் திறப்பேன். வெளியே வரிசையில் நிற்கும் நாற்காலிகளை ஒவ்வொன்றாக உள்ளே விட்டு, ஈரத்துணியால் துடைத்து, நோட்டில் எழுதிக்கொள்வேன். எங்கிருந்து வருகிறது, எத்தனை வருடம் உழைத்தது, என்ன குறை. நாற்காலிகள் பேசாது. ஆனால் கவிழ்த்துப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும். அடியில் சூயிங்கம் இருந்தால் கல்லூரி. சாம்பார்க் கறை இருந்தால் கல்யாண மண்டபம். எதுவுமே இல்லாமல் பளிச்சென்று இருந்தால் அரசாங்க அலுவலகம். யாரும் அதிகம் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

துடைத்தபின் பிரித்துவிடுவோம். மரம் மரத்தோடும் இரும்பு இரும்போடும் சேரும். வாரக் கடைசியில் அவை வேறு நாற்காலியாகி வெளியே போகும். ஒரே கால், நான் பார்க்கவே, ஐந்து நாற்காலிகளுக்குக் காலாக இருந்திருக்கிறது. அதை மட்டும் எனக்கு அடையாளம் தெரியும்.

விதி ஒன்றுதான். திரும்பி வந்த பொருளைப் பத்து நாளைக்குள் பிரித்து மறுபடி உபயோகத்துக்குத் தயாராக்க வேண்டும். முடியாவிட்டால் கம்பெனிக்கே ஆயுள் முடிந்துவிட்டதாக அர்த்தம். பதினோராம் நாள் காலை கட்டடம் எழுந்து, தன்னைக் கட்டிய கான்டிராக்டர் வீட்டுக்குப் போய்விடும். எதிரே இருந்த குடைக் கம்பெனி போன ஆனி மாதம் அப்படித்தான் போனது. வேலைக்கு வந்தவர்கள் கையில் சாப்பாட்டுப் பையோடு காலி மனையைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். எனக்கு அன்று முழுக்க மனசே சரியில்லை.

இந்த நிலையில்தான் ஒரு திங்கட்கிழமை ராஜா நாற்காலிகள் வரத் தொடங்கின.

ராஜா எங்கள் கம்பெனியின் பழைய பெருமை. தேக்குச் சட்டம், இரும்புக் கால், ரெக்சின் மெத்தை. ஒரு ஸ்க்ரூ கிடையாது, ஆணி கிடையாது. எல்லாவற்றையும் ஒட்டி நிறுத்தியது எங்கள் ஃபோர்மேன் மாசிலாமணி காய்ச்சிய பசை. அதில் என்ன போட்டார் என்பதை முதலாளியிடமே சொல்லவில்லை. ஒட்டி முடித்ததும் ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் ஒரு தட்டுத் தட்டி, "பிரிஞ்சா என்னக் கேளு" என்பார். அது அவர் வழக்கம். தட்டாமல் எந்த ராஜாவும் வெளியே போனதில்லை.

எல்லாம் ஒரே காலத்தில் செய்தவை என்பதால் ஆயுளும் ஒரே சமயத்தில் முடிந்திருந்தது. திங்களன்று முப்பது வந்தன. செவ்வாயன்று நூறு. அரக்கோணத்து நாற்காலிகள் மின்சார ரயிலில் ஏறிவிட்டன. அவற்றின் மேல் பயணிகள் உட்கார்ந்துவிட்டதால், மறுபடி வேலை கிடைத்துவிட்டதென்று நினைத்து அவை கடற்கரை ஸ்டேஷன் வரை போய்த் திரும்பின. எப்படியோ புதன்கிழமைக்குள், நாங்கள் மொத்தமாகச் செய்த அறுநூற்று நாற்பது ராஜாக்களும் முற்றத்துக்கு வந்துசேர்ந்தன.

ஒன்றும் பிரியவில்லை. உளி உடைந்தது. வெந்நீர் ஊற்றினோம், மெத்தைதான் கொஞ்சம் உப்பியது. ஒட்டியிருக்கும்வரை மரம் மரமாகாது, இரும்பு இரும்பாகாது. மாசிலாமணி கையைக் கட்டிக்கொண்டு ஒரு ஓரமாக நின்று பார்த்தார். அவர் முகத்தில் கவலையைவிடப் பெருமைதான் கூடுதலாகத் தெரிந்தது.

"நாந்தான் அப்பவே சொன்னனே சார்," என்றார் என்னிடம். "என் பசை பிரியாது."

முதலாளி ஜம்புலிங்கம் நல்ல மனிதர். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அவ்வளவுதான். அன்று மூன்று முறை துடைத்தார்.

வியாழக்கிழமை, திரும்பும் பொருள்கள் அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் பிலோமினா வந்தார். முற்றத்தை எட்டிப் பார்த்தார். பிறகு வாசற்படிக்கும் தரைக்கும் நடுவே ஒரு போஸ்ட் கார்டை நுழைத்தார். அது முழுசாக உள்ளே போனது.

"கட்டடம் எந்திரிக்க ஆரம்பிச்சிடுச்சி," என்றார். "அடுத்த வியாழன் வரைக்கும் தாங்கும். நாப்பது பேரு வேல பாக்கறீங்க இல்ல? சீக்கிரம் ஏதாவது பண்ணுங்க."

வழி வெள்ளிக்கிழமை தெரிந்தது. மாசிலாமணி ஒரு ராஜாவின் மேல் சுத்தியலைக் கைதவறிப் போட்டுவிட்டார். கைப்பிடியில் கீறல் விழுந்தது. "அடச்சே, தப்பு என்னுதுதான்," என்று வாய்க்குள் முணுமுணுத்தார். உடனே மெத்தை தனியே, சட்டம் தனியே, நாலு கால்களும் தனியே கழன்று, அளவு வாரியாகத் தரையில் படுத்துக்கொண்டன.

நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். பிரிக்கும் முறை: ஃபோர்மேன் தப்பை ஒத்துக்கொள்வது.

ஆனால் எழுதுவது சுலபம். மாசிலாமணி யாரிடமும் தப்பை ஒத்துக்கொண்டவரில்லை. "நான் சொல்லல சார். அது தானா கழண்டுது," என்று சாதித்தார். முதலாளி கெஞ்சியதன்பேரில் சனிக்கிழமை அரைமனதாக ஒரு நாற்காலியிடம் "சாரி" என்றார். ஒரே ஒரு கால் மட்டும் கழன்றது. நாற்காலி மூன்று காலில் நின்றுகொண்டு அவரையே பார்த்தது. திங்களன்று மைக் வைத்து எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மன்னிப்பாகக் கேட்டுப் பார்த்தார். மைக் ஸ்டாண்டு மட்டும் கழன்று விழுந்தது. அதையும் ஒரு காலத்தில் அவர்தான் ஒட்டியிருந்தார்.

செவ்வாய் மதியம் கட்டடம், உட்கார்ந்திருப்பவர் எழுந்திருக்கும் முன் கால் மாற்றிப் போடுவதுபோல ஒருமுறை அசைந்தது. என் மேசையில் டீ கொட்டியது. எனக்கு வயது ஐம்பத்திரண்டு. இனி எந்தக் கம்பெனியில் போய் எந்த கேட்டைத் திறப்பேன்? பயமாகத்தான் இருந்தது.

அன்று மாசிலாமணி சாப்பாட்டை மறந்துவிட்டு வந்திருந்தார். அவர் மனைவி வேதவல்லி அம்மா கொரட்டூரிலிருந்து டிபன் கேரியரோடு வந்தார். நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறேன். சிமென்ட்டை நம்பாமல் மாசிலாமணி தன் பசையாலேயே கட்டிய வீடு. சமையற்கட்டை மேற்குப் பக்கம் வைத்துவிட்டார். மத்தியானம் மூன்று மணிக்கு வெயில் நேராக அடுப்பின் மேல் விழும். கடைக்கால் போட்ட அன்றே அம்மா கிழக்கே வைக்கச் சொன்னாராம். "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று இருபத்தாறு வருடமாக இவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

வேதவல்லி அம்மா நாற்காலிகளைச் சுற்றிப் பார்த்தார். அப்புறம் ஒரு ராஜாவில் உட்கார்ந்துகொண்டு கணவர் சாப்பிடுவதைப் பார்த்தார்.

"உங்க வாயில அது வராதுன்னு எனக்குத் தெரியும்," என்றார். "எனக்குப் பழகிப்போச்சி. இதுங்களுக்கு என்னா தலையெழுத்து? நடந்து வந்து நிக்குதுங்க."

"நீ சும்மா இரு வேதம்."

"சும்மாதான இருக்கேன், இத்தினி வருஷமா."

அம்மா கேரியரைக் கழுவி எடுத்துக்கொண்டு போனபிறகு மாசிலாமணி வெகுநேரம் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு என் மேசைக்கு வந்து நோட்டைக் கேட்டார். அதுவரை அவர் அதைத் திறந்து பார்த்ததே இல்லை. விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். நூற்றுப் பதினேழாவது வரியில் விரல் நின்றது. திருவள்ளூர், பள்ளிக்கூடம். ஒரு கால் உடைந்தது. கழற்றி மாற்ற முடியாததால் மூலையில் போட்டுவிட்டார்கள், கணக்கிலிருந்து மட்டும் நீக்கவில்லை. சுவரைப் பார்த்தபடி பதினோரு வருடம்.

அந்த நாற்காலி முற்றத்தின் கடைசியில், பழக்கதோஷத்தில் அங்கேயும் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தது. மாசிலாமணி அதன் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"பதினோரு வருசமா செவுத்தையே பாத்துக்கினு இருந்தியா?" என்றார். "ஒரு ஸ்க்ரூ வெச்சிருந்தா கால மாத்திருப்பாங்க. பிரியக் கூடாதுன்னுதான் நான் பாத்தேன். உன்னப் பத்தி நெனைக்கல. தப்பு என்னுதுதாம்பா."

நாற்காலி சத்தமில்லாமல் கழன்றது. அவர் அதற்கப்புறமும் எழுந்திருக்காமல், கழன்ற சட்டத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

அதன்பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. நான் நோட்டைப் படிப்பேன், அவர் அந்தந்தக் குறைக்கு அந்தந்த மன்னிப்பைக் கேட்பார். ஆவடி சலூன் நாற்காலியிடம் ரெக்சின் கிழிந்ததற்கு. காஞ்சிபுரம் ஆஸ்பத்திரி நாற்காலியிடம், யாருமே வசதியாக உட்கார முடியாத முதுகுக்கு. புதன்கிழமை மாலை ஆறு மணிக்கு அறுநூற்று நாற்பதாவது கழன்றது. மரம் ஒரு மலை, இரும்பு ஒரு மலை. கட்டடம் பெருமூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்தது. வியாழன் காலை பிலோமினா வந்து போஸ்ட் கார்டை நுழைத்துப் பார்த்தார், நுழையவில்லை. அந்தக் கார்டையே எங்களிடம் சான்றிதழாகக் கொடுத்துவிட்டுப் போனார்.

முதலாளி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஒரு முடிவெடுத்தார். இனி நாற்காலியை விற்பதில்லை. உட்காருவதை மட்டும் வாடகைக்கு விடுவது. கால் ஆடினால் நாங்களே போய் மாற்றித் தருவோம். வேண்டாமென்றால் நாற்காலி வழி தேடி அலையாமல் எங்கள் வண்டியிலேயே ஏறி வரும். எல்லா மாடலுக்கும் ஒரே அளவு ஸ்க்ரூ. பசை காய்ச்சின அண்டாவில் இப்போது எல்லோருக்கும் டீ போடுகிறார்கள். கல்யாண மண்டபக்காரர்களுக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துவிட்டது. ஆடி மாதத்தில் நாற்காலிகள் எங்களிடமே வந்து ஓய்வெடுத்துக்கொள்ளும்.

மாசிலாமணிக்கு மன்னிப்புக் கேட்பது கைவந்த கலையாகிவிட்டது. பசை போட்டு மூடிய பொருள்களை வைத்துக்கொண்டு விழிக்கும் கம்பெனிகள் அவரைக் கூப்பிட்டுப் பார்த்தன. "அவங்கவங்க தப்ப அவங்கவங்கதான் சார் கேக்கணும்," என்று சொல்லி, எப்படிக் கேட்பது என்பதை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு வருகிறார்.

போன ஞாயிறு காலை அவரிடமிருந்து போன் வந்தது.

"சார், திருப்புளியும் ஒரு பெட்டி ஸ்க்ரூவும் எடுத்துக்கினு வூட்டாண்ட வர்றீங்களா?"

போனேன். வீடு இருந்த இடத்தில் தரை மட்டும் இருந்தது. நடுவில் வேதவல்லி அம்மா எங்கள் வாடகை நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். சுவர்கள், பந்தியில் இடத்துக்குக் காத்திருப்பவர்களைப்போல வேலியோரம் வரிசையாக நின்றன. முன்னால் குட்டைச் சுவர்கள், பின்னால் நெட்டைச் சுவர்கள். மாசிலாமணி கதவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"காலைல காபி குடுத்தா சார். வாங்கிக்கினே சொல்லிட்டேன்," என்றார். அவர் முகம் லேசாகச் சிவந்திருந்தது.

"சமையக்கட்டுச் சுவரு எதும்மா?" என்று கேட்டேன்.

புகை படிந்த ஒரு சுவர் வரிசையிலிருந்து ஓரடி முன்னால் வந்தது.

"கிழக்கால போயி நில்லு," என்றார் வேதவல்லி அம்மா. அது போய் நின்றது. அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஸ்க்ரூவ ரொம்ப முடுக்கிடாதீங்க சார். கூடத்த எங்க வெக்கறதுன்னு நான் இன்னும் முடிவு பண்ணல."

நான் பெட்டியைத் திறந்தேன். கூடத்துச் சுவர்கள் நான்கும் வேப்பமர நிழலுக்கு நகர்ந்து உட்கார்ந்துகொண்டன.