எட்டு விநாடிப் பதில்

தமிழ்நாட்டிலிருந்து ஆந்திராவின் ஸ்ரீசிட்டி தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வருபவர்களுக்காக, திருப்பதியில் நாங்கள் செல்போன்வழித் தெலுங்குப் பாடம் தயாரிக்கிறோம். நான்காம் பாடம் நான் எழுதியது. குரலும் என்னுடையதுதான். "ஏம் தின்னாரு?", என்ன சாப்பிட்டீர்கள், என்று கேட்பேன். பிறகு எட்டு விநாடி மௌனம். படிப்பவர் அதற்குள் பேச வேண்டும்; அது பதிவாகும். "இட்லி தின்னானு" என்று சொன்னால் பச்சை. ஐந்தாம் பாடம் திறக்கும். வேறு எது சொன்னாலும் சிவப்பு.

கோவர்த்தனன் என்பவருக்குப் பத்தொன்பது நாளாகச் சிவப்பு.

செவ்வாய்க்கிழமை மேனேஜர் ஜெயபிரகாஷ் என் திரையை எட்டிப் பார்த்தார்.

"மூணு பாடம் கரெக்டா முடிச்சிக்கிறாரு. இதுல இன்னா வந்துச்சு இந்தாளுக்கு?"

"உப்மா துன்ன அன்னிக்கு உப்மான்னே சொல்றாரு சார். நேத்து ஒண்ணும் துன்னலன்னாரு."

"இட்லின்னு சொல்லிட்டுப் போவ வேண்டியதுதான? வயித்தத் தொறந்தா பாக்கப் போறோம்?" சிரித்தவர் நிறுத்திக்கொண்டார். "எந்தச் சாப்பாடு சொன்னாலும் பச்ச வர்ற மாதிரி மாத்திடு கன்னிகா. சர்டிபிகேட் இல்லாம லைன் லீடர் வேல தர மாட்டாங்களாம். வெள்ளிக்கிழமதான் கடைசி நாளுன்னு மெயில் போட்டுக்கிறாரு, பாவம்."

"சரி சார்."

பத்து நிமிட வேலை. உண்மை சொல்பவர் தோற்கும்படி பாடத்தை அமைத்தது நான்தான். அது முதல் வாரமே எனக்குத் தெரியும். திருத்தவில்லை. ஐந்தாம் பாடத்திலிருந்து கேட்பதும் திரையைத் தொடுவதும் மட்டுமே. படிப்பவரின் குரல் பதிவாகாது.

அலிபிரி பக்கம் ஒற்றை அறையில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நகரியிலிருந்து அம்மா பேசுவாள். கல்யாணப் பேச்சு எடுப்பாள், நான் வைத்துவிடுவேன். மற்ற நாட்களில், வேலை முடிந்து வந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கோவர்த்தனனின் அன்றைய பதிவில் அவர் என்ன சாப்பிட்டார் என்று கேட்பேன். ஒரு நாள் தயிர்சாதம். ஒரு நாள் இரண்டு வாழைப்பழம். பின்னணியில் கம்பெனி பஸ்ஸின் ஹாரன். பொய் சொன்னால் தப்பித்துவிடலாம் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை போலும். யாரோ விசாரிக்கிறார்கள், பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கலாம். விசாரித்தது நான்தானே.

புதன்கிழமையும் திருத்தவில்லை. வியாழக்கிழமை, அவர் பெயருக்கு எதிரே இருபத்தொன்றாவது சிவப்பைப் பார்த்தபிறகு திருத்தினேன்.

மறுநாள் சாயங்காலம் பச்சை. ஐந்து, ஆறு, ஏழு என்று மிச்சப் பாடங்களையும் ஒரே மூச்சில் முடித்திருந்தார். சர்டிபிகேட்டும் அவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

நான்காம் பாடத்தின் கடைசிப் பதிவைத் திறந்தேன். என் கேள்வி. பிறகு நிதானமாக, "புளிஹோர தின்னானு." புளியோதரை. இன்னும் இரண்டு விநாடி மிச்சமிருந்தது. தயங்கி, "மீரு தின்னாரா..." என்று அவர் கேட்க, பதிவு முடிந்தது.

நீங்கள் சாப்பிட்டீர்களா.

அடுப்பு பற்ற வைக்காமலே இருந்தது. "இங்கா லேதண்டி, இன்னும் இல்லை," என்று அறைக்குள் சொன்னேன்.

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, அரிசி களையப் போனேன்.