ஃபீடில் போன மூன்று வரி

என் அக்கா மாரித்தாய் என்னோடு பேசி இரண்டு வருடமாகியிருந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்த அம்மாவைப் பாதி வைத்தியத்தில் சூரியநெல்லி தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாகவிட்டாள் என்று என் வலைப்பதிவில் அவளைக் கண்டபடி எழுதியிருந்தேன். கொழிஞ்சாம்பாறைப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை பார்த்துக்கொண்டு எழுதுவதற்கு என்ன, கையா வலிக்கப் போகிறது?

போன மாதம்தான் அக்காவின் கணவர் பாண்டி உண்மையைச் சொன்னார். "ஒங்கம்மாதான் அவ கையப் பிடிச்சிக் கேட்டாக, லயத்துலயே கண்ண மூடணும்னு. யாருட்டயும் சொல்லாதேன்னும் சொல்லிட்டாக." அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

அக்கா என் போனை எடுக்க மாட்டாள். பழி போட்ட இடத்திலேயே மன்னிப்பும் கேட்பதுதான் முறை என்று நீளமாக ஒரு பதிவு எழுதினேன். அவள் படிக்க வேண்டுமே. லயத்தில் சிக்னல் கிடையாது, ஃபேக்டரி வளைவில் நின்றால்தான் கிடைக்கும். அதற்காகவே வலைப்பதிவுக்கு ஃபீட் அமைத்தேன். சிக்னல் கிடைக்கும்போது புதுப் பதிவு தானாகப் போனில் இறங்கிவிடும், பிறகு வீட்டில் வைத்துப் படிக்கலாம். அந்த ஃபீடின் முகவரியை அத்தானுக்கு அனுப்பி, அதைப் படிக்கிற செயலியை அக்கா போனில் போடச் சொன்னேன். அமைக்கும்போது ஒரு கேள்வி வந்தது: முழுப் பதிவா, முதல் மூன்று வரி மட்டும் போகிற சுருக்கமா? முழுவதையும் கொடுத்துவிட்டால் என் தளத்துக்கு எவன் வருவான்? எத்தனை பேர் வந்தார்கள் என்று தினமும் பார்க்கிற வியாதி எனக்கு. சுருக்கம் என்று தட்டிவிட்டேன்.

பதிவு போட்ட எட்டாம் நாள் அத்தான் போனில் கூப்பிட்டார். "என்ன இந்து, மறுபடி ஆரம்பிச்சிட்டியா? அவ ரெண்டு நாளா சரியாச் சாப்பிடல."

அப்போதுதான் என் ஃபீடை நானே ஒரு வாசகியாகத் திறந்து பார்த்தேன். "அம்மா சாகும் முன் நடந்ததை அக்கா மறைத்தாள். கேட்கக் கேட்க வாய் திறக்கவில்லை. அவளை நான் மன்னிக்கவே இல்லை." அதற்குப் பிறகு மூன்று புள்ளி மட்டும். மன்னிப்பு பதினான்காம் பத்தியில் இருந்தது. எடுத்த எடுப்பில் சொன்னால் சுவாரசியம் போய்விடும் என்று கடைசிவரை இழுத்திருந்தேன். என்மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது.

உடனே முழுப் பதிவு என்று மாற்றினேன். ஆனால் அந்தச் செயலியை அக்கா போனிலிருந்தே எடுத்துவிட்டாள் என்று அத்தான் சொன்னார். சனிக்கிழமை சூரியநெல்லிக்கு பஸ் ஏறினேன்.

அக்கா ஃபேக்டரியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள், தலையெல்லாம் தேயிலைத் தூசி. வா என்று சொல்லவில்லை, ஆனால் தண்ணீர் கொடுத்தாள். வரும் வழியிலேயே போனில் இறக்கி வைத்திருந்த பதிவை எடுத்து நீட்டினேன்.

"முழுசாப் படிச்சிப் பாருக்கா."

"எனக்கு வேண்டாம். அதுல என்ன இருக்கோ, அத வாயால சொல்லு."

பதினான்கு பத்தியில் ஒரு வார்த்தைகூட ஞாபகம் வரவில்லை.

"தப்பு என்னோடதுதான்க்கா. தெரியாம ஒன்னப் பழிச்சிட்டேன்."

அவள் கண் கலங்கியிருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இத மொத வரியிலயே எழுதியிருக்கலாம்ல" என்றாள்.